பாத்திரக் கடையில் விழுந்தவள் சொல்வது

பாத்திரக் கடையில் விழுந்தால் ஊருக்கே கேட்கும். நான் விழுந்த அன்று பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்கூட ஓடி வந்தார்கள். வந்தவர்கள் முதலில் பார்த்தது ரோட்டுக்கு உருண்டு போன எவர்சில்வர் தவலையை. அதைப் பிடித்து நிறுத்தி, நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே ஒருத்தி கிடக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. இடது கை, மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பக்கத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாண்டிச்செல்விதான் குக்கர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கைக்கு அணைவாக வைத்து, துண்டால் கட்டி, ஆட்டோவில் ஏற்றினாள். அருப்புக்கோட்டையில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வலியைவிட வெட்கம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில், பத்துப் பேர் பார்க்க, சேலை விலகி நடுக்கடையில் கிடந்திருக்கிறேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் "எப்படித்தா விழுந்தீக?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதிலும் சொன்னார்கள். ஒருவர் வழுக்கியிருக்கும் என்றார், ஒருவர் சேலை தடுக்கியிருக்கும் என்றார். கண்ணு பட்டிருக்கும் என்று ஒரு பெரியம்மா முடித்து வைத்தார்.

பாண்டிச்செல்விக்கு அந்தச் சந்தேகமும் கிடையாது. "அண்டா மேல ஏறியிருப்பீக. எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்றாள்.

பாத்திரக் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேல் தட்டில் இருப்பதை எடுக்க ஏணி தேட மாட்டோம். கைக்கெட்டிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நிற்போம். நானும் அப்படித்தான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். ஆனால் அன்று எதன் மேலும் ஏறவில்லை. திருச்சுழிப் பக்கமிருந்து சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தவர்களுக்குக் குத்துவிளக்கு காட்டலாம் என்று ஸ்டூலை விட்டு எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது கன்னத்தில் பட்ட சிமெண்டுத் தரைதான்.

எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்து மணிக்கட்டு முறிவு என்றார். எலும்பு அடர்த்திக் குறைவும் (எலும்பு உள்ளுக்குள் தேய்ந்து லேசாகிப் போவது) இருக்கலாம், பிறகு அதற்கும் சோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார். "எலும்ப நான் சேத்து விட்டுர்றேன். ஆனா எதனால விழுந்தீங்கன்னு தெரியணும்மா. ஒரு பொது மருத்துவரையும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் பார்க்கவில்லை. காரணம்தான் எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிட்டதே!

தகவல் போனதும் கோவையிலிருந்து என் மகன் செந்தில் வந்துவிட்டான். ஒரே பிள்ளை. மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பா போன பிறகு கடையை நான்தான் நடத்துகிறேன். அது அவனுக்கு எப்போதுமே உறுத்தல். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டோம் என்ற உறுத்தல்.

"கடையப் பூட்டிருவோம்மா. போதும்" என்றான்.

"யாரக் கேட்டுப் பூட்டுவ?"

"இன்னைக்குக் கை. இன்னொரு தடவ விழுந்தா இடுப்பு ஒடைஞ்சுரும். அப்ப என்னம்மா செய்வ?"

ஒற்றைக் கையால் சேலை கட்டத் தெரியாதவளுக்கு வீறாப்பு எதற்கு என்று கோவைக்குக் கிளம்பிப் போனேன்.

மருமகளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். தங்கமாகப் பார்த்துக்கொண்டாள். அதுதான் வினையாகப் போனது. நான் நாற்காலியை விட்டு அசைந்தாலே, "எங்க போறீங்க அத்தை? என்ன வேணும் சொல்லுங்க" என்று ஓடி வருவாள். சாப்பாடும் தண்ணீரும் மாத்திரையும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். அறையிலேயே கழிவறை. அதற்குப் போகும்போது மட்டும் நான்கு எட்டு நடப்பேன், அதற்கும் பின்னாலேயே வந்து நிற்பாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சுவரைத் தொடாமல் நடக்க முடியவில்லை. விழுந்தவர்களுக்கு இது வரும். நீங்கள் விழுந்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும். ஏற்கெனவே விழுந்த உடம்பை மனசு மறுபடி மறுபடி கீழே தள்ளிப் பார்க்கும்.

ஒரு ஆச்சரியம் என்னவென்றால், அங்கே ஒரு நாள்கூடக் கண் இருட்டவில்லை. "பாத்தியா, கடைக்குப் போகாம இருந்தா நல்லா இருக்க" என்றான் செந்தில். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று அழுதேன். கடைதான் என்னைத் தள்ளிவிட்டது என்றால் நான் யார் மேல் கோபப்படுவது?

ஒன்றரை மாதம் கழித்து மாவுக்கட்டைப் பிரிக்க ஊருக்கு வந்தோம். கட்டுக்குள் இருந்து வந்த கை என் கையாகவே இல்லை. மெலிந்து, வெளிறி, தோல் உரிந்து கிடந்தது. கையைக்கூட எதிர்பார்த்திருந்தேன். கால் என்னை ஏமாற்றியது. மருத்துவமனைப் பெஞ்சிலிருந்து செந்தில் தோளைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. கையில் கட்டுப் போட்டதற்குக் கால் போய்விட்டது!

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து அவன் பேச்சை எடுத்தான். "தீபாவளி யாவாரம் முடியட்டும்மா. இருக்குற சரக்கத் தள்ளிட்டு, கடையக் காலி பண்ணிட்டு வந்துரு. நான் கட்டடத்து ஓனர்ட்டப் பேசிர்றேன்."

"அதுக்குள்ள நான் நல்லபடியா நடமாடிக் காட்டுனா?"

"விழாம இருந்து காட்டு. பெறகு பேசுவோம்."

சரி என்றேன். சவால் விட்டவள் மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அன்றுதான் பெஞ்சிலிருந்து எழ அவன் தோளைப் பிடித்திருந்தேன். அந்தக் கடை எனக்குப் பிழைப்பு மட்டுமில்லை. காலையில் நான் கதவைத் தூக்கினால்தான் நான் இருக்கிறேன் என்று எனக்கே தெரியும். கோவையில் எனக்கு எல்லாம் இருந்தது, ஆனால் ஒருவர்கூட என்னிடம் வந்து ஒரு கரண்டி விலை கேட்கவில்லை.

அவன் கிளம்பிய மறுநாள் கடையைத் திறந்து தூசி தட்டினேன். சாயங்காலம் ஸ்டூலை விட்டு எழுந்தபோது அதே இருட்டு. நல்லவேளை, கண்ணாடி அலமாரியின் விளிம்பு கைக்குக் கிடைத்தது. பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல அருப்புக்கோட்டைக்கு என் கூட வா. எலும்பு டாக்டர் சொன்ன பொது டாக்டரப் பாத்தே ஆகணும்" என்றேன்.

அந்த டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி உடனே ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்து ஒரு தடவை பார்த்தார். நின்றதும் அழுத்தம் சரிந்து இறங்கியிருந்தது. நிலைமாற்றத் தாழ்வழுத்தம் (படுத்தோ உட்கார்ந்தோ எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் போதாமல் போவது) என்று பெயர் சொன்னார்.

"மகன் வீட்டுல இந்த இருட்டு வரலைன்னு சொல்றீங்க. அங்க என்ன வித்தியாசமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வேலை இல்ல."

"வேற? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"குடிப்பேன்."

"எவ்வளவும்மா?"

"காலைல ஒரு செம்பு. கடைய அடைச்சுட்டு வீட்டுக்குப் போயி ஒரு செம்பு."

"நடுவுல?"

"வெயிலு தாங்கலன்னா வாயக் கொப்பளிச்சுக்கிருவேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த ஊரு வெயில்லயா? ஏம்மா?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. பாண்டிச்செல்விதான் பட்டென்று சொன்னாள். "கடையில கக்கூஸ் இல்ல டாக்டர். நானும் அப்படித்தான். எங்க வரிசையில பொம்பளைக எல்லாருமே அப்படித்தான்."

இதைப் படிக்கிற கடைக்காரப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் பின்னால் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே பேசிக்கொள்வோம். "காலைல கடைக்குப் போனா ராத்திரி வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று நானே பெருமை அடித்திருக்கிறேன். போதாததற்கு எங்கள் பக்கத்துக்காரர்கள் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்தவர்கள். தாகத்தை அடக்குவது எங்களுக்குப் பழகிப்போன வேலை.

இளவயதில் உடம்பு அதைத் தாங்கியது. இப்போது நான் காலையில் போடும் அழுத்த மாத்திரையில் நீர்மாத்திரையும் (சிறுநீரைக் கூடுதலாகப் பிரித்து அழுத்தத்தைக் குறைப்பது) சேர்ந்திருக்கிறது. "மாத்திரை தண்ணிய வெளிய அனுப்புது. நீங்க உள்ள ஊத்தவே மாட்டேங்கிறீங்க. அப்புறம் எப்படிம்மா நிப்பீங்க?" என்றார் டாக்டர். கோவையில் அறையிலேயே கழிவறை இருந்ததால் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்திருக்கிறேன், அதனால்தான் அங்கே கண் இருட்டவில்லை. ரத்தச் சோதனை பார்த்து மாத்திரையை மாற்றி, அளவும் குறைத்தார். என் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதால் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம் என்றார். சிலருக்கு அப்படிக் குடிக்கக் கூடாது. ஆகவே நீங்களாகத் தண்ணீரைக் கூட்டுவதோ மாத்திரையை நிறுத்துவதோ வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாகக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை. இரண்டாம் தடவையும் முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன், தூக்கத்தான் தெம்பில்லை. "தொடைத் தசை போயிருக்கு. திரும்ப வரும். இந்த வயசுலயும் வரும்" என்று சொல்லி இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சியால் தசையையும் மூட்டையும் சீராக்குபவர்) அனுப்பினார்.

தசை வருவதற்கு முன்னால் கழிவறை வர வேண்டும். எங்கள் கடை வரிசைக்குப் பின்னால் ஒன்று கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். கட்டடத்துச் சொந்தக்காரர் அதில் பழைய சாக்குகளை அடைத்துப் பூட்டுப் போட்டிருந்தார். அவருக்குத் தெரு முக்கில் ஹார்ட்வேர்ஸ் கடை. பாண்டிச்செல்வியையும் தையல் கடைக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"இத்தன வருசம் இல்லாத கக்கூசு இப்ப எதுக்குத் தாயி?" என்றார்.

"இத்தன வருசம் விழாம இருந்தேன் அண்ணாச்சி. இப்ப விழுந்துட்டேன்ல."

"செந்திலு கடையக் காலி பண்ணப் போறதால்ல சொன்னான்?"

"அவன் சொல்லுவான். நான் சொல்லலையே."

"சரி, பெறகு பாப்போம்."

"பெறகுன்னா எப்ப அண்ணாச்சி? நான் கெடக்கும்போதா?"

அவர் ஆணி எடை போடத் திரும்பிவிட்டார். எனக்குச் சுரீரென்று வந்தது. அவர் கடையிலிருந்த ஸ்டூலை இழுத்து நடுவாசலில் போட்டு உட்கார்ந்தேன். "சாவி வர்ற வரைக்கும் இங்கனயேதான் இருப்பேன். எனக்குத் தலை சுத்துற வியாதி. எந்திரிச்சாத்தான் விழுவேன், அதனால எந்திரிக்க மாட்டேன். வர்ற ஆளுக எல்லாம் ஏன் உக்காந்திருக்கீகன்னு கேப்பாக. நானும் சொல்லுவேன்."

தையல் கடைக்காரி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்து அண்ணாச்சியின் சம்சாரம் சத்தம் போட்டார். "அந்தச் சாவியக் குடுத்துத் தொலைங்களேன்! பொம்பளைகள வாசல்ல உக்கார வச்சுக் கக்கூசுக்கு நியாயம் பேசிக்கிட்டு!"

சாவி வந்தது. சாக்குகளை வெளியேற்றி, கழுவி, தண்ணீர்க் குழாய் இழுத்தோம். உட்கார்ந்து எழப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்தோம். அந்தக் குழாயை அண்ணாச்சியே கொடுத்து அனுப்பினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

இயன்முறை மருத்துவர் சின்ன வயதுப் பெண். கனிவாகப் பேசுவார், ஆனால் விட மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அலமாரியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு பாதத்துக்கு முன்னால் அடுத்த பாதத்தை ஒட்டி வைத்து நடப்பது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் வாரம் தொடை இரண்டும் கொதித்தன. ஆள் வராத மத்தியான நேரத்தில் கடையிலேயே செய்தேன். பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்து, "என்னக்கா, அரங்கேற்றம் எப்ப?" என்பாள். "நீயும் வாடி, ஒனக்கும் வயசு ஏறிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். கொஞ்ச நாளில் அவளும் வந்து நின்றாள்.

முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. நன்றாக எழுந்துகொண்டிருந்தவள் ஒரு நாள் திடீரென்று எழ முடியாமல் உட்கார்ந்துவிடுவேன். மேகம் மூடிக்கொண்டு பெய்யாமல் போகிற நாள் மாதிரி எரிச்சலாக இருக்கும். அன்றைக்கும் செய்தேன். மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். தேய்ந்துபோன ரப்பர் செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் பின்வார் வைத்த செருப்பு வாங்கினேன். மேல் தட்டுச் சாமான்களைக் கீழே இறக்கிவிட்டேன். அண்டாவைக் கவிழ்த்தால் பாண்டிச்செல்வி கையை ஒடிப்பேன் என்றிருக்கிறாள், ஒடிந்த கையையே.

ஒரு நாள் இயன்முறை மருத்துவர் என்னைத் தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னார். எதற்கு என்றேன்.

"நீங்க இனிமே விழவே மாட்டீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்மா. விழுந்தா எந்திரிக்கத் தெரியணும்ல? எலும்பு முறியாதவங்ககூட எந்திரிக்கத் தெரியாம மணிக்கணக்கா கெடந்து சீரியஸாயிருக்காங்க."

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். விழுந்ததும் பதறி எழக் கூடாது. மூச்சை வாங்கிக்கொண்டு எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். கடும் வலி என்றால் அசையாமல் ஆளைக் கூப்பிட வேண்டும், சத்தம் எழுப்ப வேண்டும். இல்லையென்றால் மெதுவாக ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டு, ஆடாத ஸ்டூலோ நாற்காலியோ இருக்கும் இடத்துக்குத் தவழ்ந்து போக வேண்டும். அதன் மேல் கையை ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழுந்து, உடனே அதிலேயே திரும்பி உட்கார வேண்டும். கேட்க எளிது. முதல் தடவை பாதியில் முட்டி போட்டபடி நின்று அழுதுவிட்டேன். அந்தப் பெண் தொடவில்லை. "இருங்க, அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் கடையில் இதைப் பழகிக்கொண்டிருந்தேன். அலமாரிக்குப் பின்னால் படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன். வாசலில் ஒரு பை விழும் சத்தம் கேட்டது. செந்தில். சொல்லாமல் வந்திருக்கிறான்.

"அம்மா!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஓடி வந்து என் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தான்.

"தொடாத."

"என்னம்மா... விழுந்துட்டியா? எங்க அடிபட்டுச்சு?"

"விழலய்யா. படுத்திருக்கேன். கைய எடு. தள்ளி நின்னு பாரு."

ஒருக்களித்தேன். முழங்கையை ஊன்றினேன். முட்டி போட்டேன். ஸ்டூல் வரைக்கும் தவழ்ந்து போனேன். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூடவே குனிந்து வந்தான், ஆனால் தொடவில்லை. வலது காலை முன்னால் வைத்தேன். தொடை நடுங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அந்த நேரத்தில் நான் விட்டிருந்தால் கடை போயிருக்கும், அது எனக்குத் தெரியும். எழுந்தேன். திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாற்பத்து மூன்று வயதுப் பிள்ளை. தலையைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரிய்யா, இப்ப நீ கைய ஊனாம எந்திரி பாப்போம்" என்றேன். இரண்டு முறை முயன்றான். தொப்பை விடவில்லை. பாண்டிச்செல்வி வாசலில் நின்று சிரித்த சிரிப்பு ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

இரண்டு நாள் இருந்தான். தீபாவளி யாவாரத்துக்கு என் கூட நின்றான். கழிவறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கடையைக் காலி பண்ணும் பேச்சை அண்ணாச்சியிடம் எடுக்கவே இல்லை.

எனக்கு உடம்பு இப்போது வேறு. முன்பு அது நான் சொன்னதைச் செய்யும், நான் அதைக் கவனிக்க மாட்டேன். இப்போது எழுவதற்கு முன்னால் பாதத்தை ஆட்டி, விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து, எழுந்து நின்று, தலை தெளிந்த பிறகுதான் முதல் அடி. வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போவதில்லை என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். பாதி நாள் ஓட்டமும் பாதி நாள் அசதியுமாக இருந்த பொழுது, இப்போது நிதானமாக, நீளமாக இருக்கிறது. பயம் போகவில்லை. அது கூடவே இருக்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

கோவைக்குக் கிளம்பும்போது செந்தில் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தான். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"அம்மா, இனிமே விழுந்தா மறைக்காம எனக்குச் சொல்லுவியா?"

"சொல்லுறேன்யா" என்றேன். "எந்திரிச்சதும் மொத போனு ஒனக்குத்தான்."